பாரிஸ் வரும் வாசக நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

பாரிஸ் வந்தால் நோத்ர்தாம் தேவாலயத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி' ஆங்கிலப் புத்தகக் கடைக்கு நீங்கள் எப்படியும் வருவீர்கள். வாசலில் வரிசை இருக்கும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அதனால் பலர் பெயர்ப்பலகையோடு ஒரு படம் எடுத்து, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு கிளம்பிவிடுகிறார்கள். இந்த ஊரில் வசிக்கும் வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன், தயவுசெய்து ஒரு புத்தகமாவது வாங்கிக்கொண்டு போங்கள்.

இந்தப் பெயரில் முதல் கடையை 1919-ல் தொடங்கியவர் சில்வியா பீச் என்ற அமெரிக்கப் பெண். ஆபாசம் என்று மற்றவர்கள் வெளியிடத் தயங்கிய, ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசஸ்' நாவலை 1922-ல் அவர் துணிந்து பதிப்பித்த கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் நடத்திய இரவல் நூலகம். சந்தா கட்டக் கையில் காசில்லாமல் நின்ற, பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளரான இளம் ஹெமிங்வேயிடம், பணம் வரும்போது கொடுங்கள் என்று சொல்லிப் புத்தகங்களைத் தூக்கிக் கொடுத்தவர் அவர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடை மூடும் நிலைக்கு வந்தபோது, பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ஜீத் முன்னின்று நண்பர் குழு ஒன்றைச் சேர்த்தார். சந்தா கட்டியவர்களுக்காக கவிஞர்கள் வலேரியும் எலியட்டும் கடைக்கே வந்து தங்கள் எழுத்தைப் படித்தார்கள். வாசகர்கள் காசு போட்டுக் காப்பாற்றிய கடை அது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பில்தான், 1941-ல், மூடப்பட்டது.

இப்போது நீங்கள் பார்ப்பது ஜார்ஜ் விட்மன் என்ற அமெரிக்கர் 1951-ல் வேறு பெயரில் திறந்த கடை. 1964-ல்தான் பீச்சின் கடைப் பெயரைச் சூட்டினார். அலமாரிகளுக்கு நடுவே, பகலில் பெஞ்சாக இருப்பது ராத்திரி கட்டிலாகிவிடும். ஊர் ஊராகத் திரியும் எழுத்தாளர்கள் வாடகையில்லாமல் தங்கலாம். கடையில் கொஞ்ச நேரம் வேலை செய்யணும், தினம் ஒரு புத்தகம் படிக்கணும், ஒரு பக்கத்தில் தன் கதையை எழுதிக் கொடுக்கணும், அவ்வளவுதான். மாடியில் இருக்கும் புத்தகங்கள் விற்பனைக்கு இல்லை, உட்கார்ந்து படிக்கலாம். இதற்கெல்லாம் சோறு போடுவது கீழே உள்ள கல்லாப்பெட்டி. 2020-ல் கொரோனாவால் விற்பனை 80 சதவீதம் சரிந்து, கடையே வாசகர்களிடம் உதவி கேட்டது. உலகமெங்கும் இருந்து ஆர்டர் குவிந்தது.

புகழ் இருந்ததால் அது பிழைத்தது. அதே பாரிஸில் 1982-ல் ஒதில் எலியே என்ற பெண் தொடங்கிய 'வில்லேஜ் வாய்ஸ்' ஆங்கிலப் புத்தகக் கடை பிழைக்கவில்லை. முப்பது வருடம் எத்தனையோ எழுத்தாளர்களை அழைத்து வாசிப்புக் கூட்டம் நடத்திய இடம். 2012-ல் பூட்டிவிட்டார்கள். பிரான்சில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் புத்தகத்துக்கு வைத்த விலையில் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கூடாது. ஆனால் ஆங்கிலப் புத்தகம் போன்ற இறக்குமதிப் புத்தகத்துக்கு விலை வைப்பது இறக்குமதி செய்பவர். பெரிய இணைய நிறுவனம் தானே இறக்குமதி செய்து குறைத்து விற்றால் சின்ன ஆங்கிலக் கடை என்ன செய்யும்?

அதனால், கடையில் பார்த்த புத்தகத்தைப் போனில் விலை தேடி வேறெங்கோ வாங்காதீர்கள். சாயங்காலம் வாசிப்புக் கூட்டம் இருந்தால் இருந்து கேட்டுவிட்டுப் போங்கள். அப்புறம், அங்கிருந்து சில நிமிட நடையில் பார்ஷ்மினெரி தெருவில் 'அபே புக் ஷாப்' இருக்கிறது. 1989-லிருந்து நடக்கும் கனடியக் கடை. புத்தகங்களுக்கு நடுவே பக்கவாட்டில்தான் நடக்க முடியும். அங்கே வரிசை கிடையாது. அங்கும் ஒன்று வாங்குங்கள்.

அன்புடன்,
பாரிஸ்வாழ் வாசகன்