டீசலோடு காஸும் ஓடுமா?

ஆசிரியருக்கு,

குளச்சல், சின்னமுட்டம் விசைப்படகுகளை டீசல், சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) இரண்டிலும் ஓட்ட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். எஞ்சின் அளவில் முடியும். டீசல் எஞ்சின் காற்றைப் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே அழுத்திச் சூடாக்கினாலும் (அழுத்த விகிதம் 16-க்கு மேல்) அந்தச் சூட்டில் சிஎன்ஜி தானாகப் பற்றாது. கொஞ்சம் டீசலைப் பீய்ச்சினால் அது பற்றி காஸையும் எரிக்கும். காஸ் தீர்ந்தால் முழு டீசலுக்கு மாறிக்கொள்ளலாம். நடுக்கடலில் அதுவே பெரிய நிம்மதி.

தொல்லை வேறு இடத்தில். மடி வலை இழுக்கும் முழுச் சுமையில் காஸைக் கூட்டினால் 'நாக்' அடித்து (காஸ் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிந்து) பிஸ்டன் போய்விடும். மெதுவாக ஓடும்போதோ கொஞ்சம் காஸ் எரியாமலே புகையோடு போகும். அப்புறம், 200 பார் அழுத்தத்தில் காஸ் அடைத்த சிலிண்டர்களை ஐஸ் பெட்டிக்கும் வலைக்கும் நடுவே எங்கே வைப்பது? எல்பிஜி வேண்டவே வேண்டாம். கசிந்தால் காற்றைவிடக் கனமான அது படகின் அடியிலேயே தேங்கும்.

மீன்வளத்துறை முதலில் ஒரு படகில் சோதித்துப் பார்க்கட்டும்.

– படகு எஞ்சின் மெக்கானிக், குளச்சல்