மின்னேரியா யானைகள்: தோழிக்கு ஒரு கடிதம்

திருகோணமலை
செப்டம்பர் 2

அன்பின் மலர்,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குத் தாதி வேலை கிடைத்த செய்தியை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். உன் முழங்கால் வலியை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டாய். அடுத்த கடிதத்தில் அதை விவரமாக எழுது.

இங்கே எல்லோரும் நலம். இந்த முறை நான் எழுத உட்கார்ந்ததே யானைகளைப் பற்றிச் சொல்லத்தான். போன வாரம் தம்பி குடும்பத்தோடு ஹபரணைக்குப் போய், அங்கிருந்து ஜீப் பிடித்து மின்னேரியா தேசியப் பூங்காவுக்குள் போய்வந்தோம்.

கந்தளாயில் வளர்ந்த நமக்கு யானை என்றால் இரவுதானே. பரணில் தகரம் தட்டுவார்கள், யானை வெடி வெடிக்கும், விடிந்து பார்த்தால் வெள்ளாமை மிதிபட்டுக் கிடக்கும். உன் பெரியண்ணா ஒருநாள் வரம்பில் குந்தியிருந்து யாரோடும் பேசாமல் வயலையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா? நல்ல வெளிச்சத்தில், யானை தன்பாட்டில் மேய, அச்சமின்றி அதைப் பார்ப்பது எனக்கு இந்த வயதில்தான் வாய்த்தது.

எந்தப் பக்கம் போவது என்பதை யானைகள்தான் தீர்மானிக்கின்றன. மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு ஆகிய மூன்று காடுகளுக்கும் இடையே அவை நடமாடுவதால், இன்றைக்கு எங்கே நிற்கின்றன என்று சாரதிகள் தொலைபேசியில் ஒருவரையொருவர் கேட்டு அறிந்த பிறகே புறப்படுகிறார்கள். எங்கள் சாரதி ஒரு சிங்கள இளைஞர், கொஞ்சம் தமிழ் பேசுவார். மூன்று மணியளவில் அம்பகஸ்வெவ வாயிலில் டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். வெகுநேரம் பற்றைக்காடும் புழுதியும்தான். திடீரென்று காடு முடிந்து பச்சைத் தரவை விரிந்தது. அதற்கு அப்பால் குளத்து நீர்.

யானைகள் கூட்டம் கூட்டமாக நின்றன. எண்ணத் தொடங்கி அறுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். புல் தின்னும் விதத்தை நீ பார்க்க வேண்டும், மலர். முன்காலின் நகத்தால் புல்லை அடியோடு உதைத்துப் பெயர்க்கும், துதிக்கையால் அள்ளும், காலில் அடித்து மண்ணை உதிர்க்கும், பிறகுதான் வாய்க்குப் போகும். பொறுமையான வேலை. நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டிய உடம்புக்கு வேறு வழி ஏது? கூட்டமெல்லாம் பெண் யானைகளும் குட்டிகளும். ஒரு சிறு குட்டி துதிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல், புதுப் பேனா கிடைத்த பிள்ளை போல அதையே சுழற்றிக்கொண்டிருந்தது. பிறகு ஓர் அலியன், தந்தமில்லாத ஆண் யானை, தனியாக வந்தது. நம் நாட்டு ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் கீழேதான் கொம்பன்கள், உனக்குத் தெரியும். தந்தம் இல்லாவிட்டால் என்ன, அது நடந்து வந்த வரத்தில் பெண் யானைகளே விலகி வழிவிட்டன.

எங்கள் சாரதி தூரத்திலேயே நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிட்டார். வேறு சில ஜீப்புகள் அப்படிச் செய்யவில்லை. படம் எடுக்கும் அவசரத்தில் ஒன்று தாய்க்கும் குட்டிக்கும் நடுவே நுழைந்தது. தாய் காதை விரித்துத் தலையைத் தூக்கியது. சுற்றி நின்றவை ஓடிவந்து குட்டியை நடுவில் மறைத்தன. எனக்குக் கோபத்தில் கை நடுங்கிவிட்டது. கிட்டப் போகலாமா என்று தம்பி மகன் கேட்டதற்குச் சாரதி, "வேண்டாம் தம்பி, அது அவங்கள் சாப்பிடுற இடம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன்.

இனி, என் மனதை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குளம் மகாசேன மன்னன் மூன்றாம் நூற்றாண்டில் நெல்லுக்காகக் கட்டியது. கோடையில் வயலுக்குத் தண்ணீர் விட விட நீர் இறங்கும். இறங்கிய நிலத்தில் இளம்புல் முளைக்கும். சுற்றுக் காடுகள் காய்ந்து கிடக்கும் நேரத்தில் அந்தப் புல்லைத் தேடித்தான் நூற்றுக்கணக்கில் யானைகள் கூடுகின்றன. இப்போதோ, மேலே அம்பன் கங்கையில் 2018இல் திறந்த மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து கோடையிலும் தண்ணீர் வந்து சேர்கிறது. நீர் உயர்ந்து நிற்கும் ஆண்டுகளில் புல் மூழ்கிவிடுகிறது. தான் சிறுவனாகத் தகப்பனோடு வந்தபோது பார்த்த கூட்டம் இப்போது இல்லை என்றார் சாரதி.

ஆனால் மின்னேரியாவிலிருந்து போகும் யோத எல வாய்க்கால்தானே நம் கந்தளாய்க் குளத்துக்கும் தண்ணீர் கொண்டுவருகிறது! அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்துவிட்டு, தண்ணீர் விடாதே என்று நான் எப்படிச் சொல்வேன்? நான் கேட்பது இவ்வளவுதான்: சிறுபோக அறுவடை நெருங்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் குளத்தை எந்த மட்டத்தில் வைப்பது என்பதை நீர்ப்பாசனப் பொறியியலாளர்களும் வனஜீவராசிகள் திணைக்களத்தாரும் கமக்காரரும் சேர்ந்திருந்து முடிவு செய்யட்டும். புல் இல்லாத யானை காட்டுக்குள் பட்டினி கிடக்குமா? வயலுக்குத்தான் வரும். 2023இல் மட்டும் நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன, யானை தாக்கி 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். போன ஆண்டு பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ரயில் மோதி ஆறு யானைகள் செத்த செய்தியை நீயும் அங்கே வாசித்திருப்பாய். 2025இல் நடந்த அந்த விபத்தைப் பற்றி நம் சாரதி பேசவே விரும்பவில்லை.

பெரியண்ணாவிடம் இதைப் பற்றிக் கேட்டு எழுது. வெள்ளாமையை இழந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்பது எனக்கு முக்கியம். நான் சொல்வது தவறென்று அவர் சொன்னாலும் அப்படியே எழுது.

அடுத்த ஆண்டு வருவதென்றால் ஆகஸ்ட் மாதத்தில் வரப் பார். கனடாக் கடவுச்சீட்டோடு வருபவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம், அதையும் கணக்கில் வைத்துக்கொள். சாரதியின் தொலைபேசி இலக்கத்தை அம்மாவின் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். ஜீப்பில் குலுக்கல் அதிகம். உன் முழங்கால் தாங்குமா என்று வைத்தியரிடம் இப்போதே கேட்டுவிடு.

அன்புடன்,
சாந்தி