ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தேர்வுப் பிரிவைத் தவிர: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் முதல்வர் அவர்களுக்கும் வணக்கம்.

பணியாளர் கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பின் இன்னொரு சோதனை) கட்டாயம் என்ற சுற்றறிக்கையை நாங்கள் எதிர்க்கவில்லை. போலி லாகின் பக்கத்தில் ஒருவர் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டால் மாணவர்களின் மதிப்பெண், வங்கி விவரம் எல்லாம் வெளியே போய்விடும். இரண்டாவது பூட்டு வேண்டியதுதான். அந்தப் பூட்டுக்கு எஸ்எம்எஸ் ஒன்றுதான் சாவி என்ற முடிவை மட்டும் மாற்றுங்கள் என்கிறோம்.

இன்டர்னல் மதிப்பெண் ஏற்றும் கடைசி நாளன்று தேர்வுப் பிரிவு பட்ட பாடு தாங்கள் அறிந்ததே. பொதுக் கணக்கு ஒன்று, அதில் வேலை பார்ப்பவர்கள் பலர், பதிவான செல்போன் எண்ணோ கண்காணிப்பாளருடையது. அவர் தேவகோட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். ஓடிபி அவருக்குப் போகும். அவர் போன் போட்டுச் சொல்ல வேண்டும். தேர்வுப் பிரிவு இருப்பதோ பழைய வீட்டின் இரண்டாங்கட்டில். அந்தச் சுவர்களைத் தாண்டிச் சிக்னல் வராது; முகப்புக்கு ஓடிவந்துதான் பேச வேண்டும். எண்ணைக் கேட்டுக்கொண்டு திரும்புவதற்குள் உள்ளே ஒருவர் ‘மீண்டும் அனுப்பு’ என்பதை அழுத்தியிருப்பார். புதிய எண் பிறந்ததுமே பழையது செல்லாது. தாமதமாக வந்து சேரும் பழைய எண்ணைத் திரும்பத் திரும்பத் தட்டினால் கணக்கே பூட்டிக்கொள்ளும். அன்று நடந்தது இதுதான்.

‘ஓடிபியை யாரிடமும் பகிரக் கூடாது’ என்று அதே சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழ்ப்படிந்தால் மதிப்பெண் ஏறாது; மதிப்பெண்ணை ஏற்றினால் விதிமீறல். இரும்புப் பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டு, சாவிகளை ஊருக்குப் போனவர் மடியில் முடிந்துவிட்ட கதைதான். இதற்கு விளக்கம் கேட்டு மெமோ வேறு.

எஸ்எம்எஸ்தான் இருப்பதில் பாதுகாப்பானது என்றாலாவது பொறுத்துக்கொள்ளலாம். நம் எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்குபவன் கைக்கு ஓடிபியும் போய்விடும். அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி 2017-லேயே எஸ்எம்எஸ் ஓடிபியைக் கட்டுப்பாட்டுக்குரிய முறை என்று வகைப்படுத்திவிட்டது.

மெயிலுக்கும் அலுவலக வேலைக்கும் நாம் பயன்படுத்தும் கூகுள் ஒர்க்ஸ்பேஸிலேயே வேறு வழிகள் இருக்கின்றன. அத்தென்டிகேட்டர் செயலியில் கியூஆர் கோடை ஒருமுறை ஸ்கேன் செய்தால் போதும். 30 விநாடிக்கு ஒரு 6 இலக்க எண் வரும். சிக்னலும் வேண்டாம், இணையமும் வேண்டாம். போனின் நேரம் பிசகினால் எண் ஏற்காது. ஆகவே தேதி, நேரம் ‘தானியங்கி’யில் இருக்க வேண்டும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். அதற்கும் காப்பாக ஆளுக்கு 10 பேக்கப் கோடு கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அச்செடுத்துப் பூட்டிவைக்க வேண்டும், போன் கேலரியில் அல்ல.

பட்டன் போன் வைத்திருக்கும் அலுவலக உதவியாளர்களுக்கும் தேர்வுப் பிரிவினருக்கும் கணினியில் செருகும் சிறு கருவியான யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி கொடுங்கள், ஒருவருக்கு இரண்டாக. ஒன்று தொலைந்தால் மற்றது. செயலி காட்டும் எண்ணையும் போலிப் பக்கத்தில் ஏமாந்து தட்டிவிட முடியும். சாவி தளத்தின் முகவரியைத் தானே சரிபார்ப்பதால் அந்த வேலை அதனிடம் நடக்காது. பொதுக் கணக்கின் பாஸ்வேர்டைப் பகிர்வதை நிறுத்திவிட்டு, ஜிமெயிலில் ‘டெலிகேஷன்’ கொடுத்தால் அவரவர் கணக்கிலிருந்தே பொது மெயிலைப் பார்க்கலாம். மதிப்பெண் தளத்திலும் ஆளுக்கொரு லாகின் வேண்டும். யார் எந்த மதிப்பெண்ணைத் திருத்தினார் என்பதும் அப்போதுதான் தெரியும்.

பாதுகாப்பில் நிர்வாகத்துக்கு இவ்வளவு அக்கறை வந்ததில் மகிழ்ச்சிதான். அலுவலக மானிட்டரில் ஒட்டியிருக்கும் கட்டண மென்பொருளின் பாஸ்வேர்டு சீட்டையும் அந்த அக்கறை ஒருநாள் எட்டிப்பார்க்கட்டும். வருகைப் பதிவுக்கான விரல் ரேகை இயந்திரம் ரேகையை ஏற்காத நாளில் அரைநாள் சம்பளம் போவதைப் பற்றித் தனியே எழுதுகிறோம்.

இப்போதைக்குக் கேட்பது ஒன்றுதான்: எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பவைக்காமல் ஒவ்வொருவருக்கும் மாற்று வழி கொடுங்கள். புதிதாகச் சேர்பவர்கள் பதிவு செய்துகொள்ள 1 நாள் முதல் 6 மாதம் வரை அவகாசம் வைக்க ஒர்க்ஸ்பேஸின் நிர்வாகக் கன்சோலில் (அமைப்புகளை மாற்றும் பக்கத்தில்) இடம் இருக்கிறது. 2 வாரம் வைத்தால் போதும். பூட்டிக்கொண்டவருக்கு பேக்கப் கோடு எடுத்துக் கொடுக்கும் அதிகாரத்தைத் தேர்வு நாட்களில் வளாகத்திலேயே இருக்கும் இருவருக்குக் கொடுங்கள். செமஸ்டர் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வழங்கும் முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள்
காரைக்குடி