கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சாட்ஸ்வர்த் பிள்ளைகள் பலருக்குத் தொழிற்சாலை வேலை. சங்கச் சந்தா மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்; ஆனால் எச்சரிக்கைக் கடிதம் வந்தால் சங்கப் பிரதிநிதியிடம் யாரும் காட்டுவதில்லை. என் தங்கை மகன் வாங்கிவந்த 'கடைசி எச்சரிக்கை'யில் "பலமுறை தாமதம்" என்று ஒரே வரி. தேதி ஒன்றுகூட இல்லை. அவன் விளக்கம் எழுத விட்டிருந்த கோடுகள் காலி, கீழே கையெழுத்து மட்டும் அழகாக!

நம் தென்னாப்பிரிக்காவின் 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டத்தை ஒட்டிய நெறிமுறைப்படி, சிறு தவறுக்கு முதலில் சொல்லித் திருத்த வேண்டும். திரும்பத் திரும்ப நடந்தால் எச்சரிக்கை, கடைசி எச்சரிக்கை, அப்புறம்தான் நீக்கம். திருட்டு, அடிதடி என்றால் முதல் தடவையே வேலை போகலாம், சரி. அப்போதும் தன் பக்கத்தைச் சொல்லவும், சங்கப் பிரதிநிதியையோ சக தொழிலாளியையோ துணைக்கு வைத்துக்கொள்ளவும் இடமுண்டு.

நீக்கம் நியாயமில்லை என்றால் 30 நாளுக்குள், வேலைத் தகராறுகளைச் சமரசம் பேசித் தீர்க்கும் சிசிஎம்ஏ ஆணையத்திடமோ, அந்தத் தொழிலுக்கென்று முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்து அமைத்த கூட்டுப் பேர மன்றம் இருந்தால் அங்கேயோ முறையிட வேண்டும். சிசிஎம்ஏவில் கட்டணம் கிடையாது. முதலாளி மறுபடி கூப்பிடுவார் என்று காத்திருந்தே பலர் கெடுவைத் தவற விடுகிறார்கள். சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒரு மேசை போட்டு இதை விளக்கினால் என்ன?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்