டேட்டாபேஸைச் சீரமைக்க நாள் குறிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்ச் கணக்கு முடிந்த கையோடு, அம்பத்தூர், கிண்டி பக்கத்துச் சிறு நிறுவனங்களில் பழைய பில்களை டேட்டாபேஸிலிருந்து அழிப்பார்கள். அழித்தும் டிஸ்க் குறையவில்லையே என்று உடனே, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் டேபிளையே புதிதாக எழுதிக் காலி இடத்தை மீட்கும் ‘வாக்யூம் ஃபுல்’ கட்டளையை ஓட்டுவார்கள். மாதக் கடைசி ஞாயிறு என்று நாளே குறித்து வைத்திருப்பவர்களும் உண்டு. பணம் விரயமாவது இங்கேதான்.

போஸ்ட்கிரஸில் அழித்த ரோ (டேபிளின் ஒரு வரிசை) செத்த ரோவாக டேபிளிலேயே கிடக்கும். சாதாரண வாக்யூம் அந்த இடத்தைப் புது ரோக்களுக்குத் திறந்துவிடும். பெரும்பாலும் டிஸ்க்குக்குத் திருப்பித் தராது. அடுத்த சில மாதத்துப் பில்களே அதை நிரப்பிவிடும் என்றால் கை வைக்கவே வேண்டாம்.

முதலில் அளந்து பாருங்கள். டேபிளில் எத்தனை சதவீதம் காலி, எத்தனை சதவீதம் செத்தது என்பதை போஸ்ட்கிரஸோடு வரும் ‘பிஜிஸ்டாட்டப்பிள்’ என்ற துணைக் கருவி காட்டும். 200 ஜிபி டேபிளில் 80 ஜிபி காலி, டிஸ்க் வாடகை ஜிபிக்கு மாதம் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் மாதம் 800. ராத்திரி வேலைக் கூலியும் சர்வரை நிறுத்தும் நஷ்டமும் 6,000 ரூபாய் என்றால், போட்ட பணம் திரும்பவே ஏழரை மாதம். நாலு மாதத்தில் டேபிள் மறுபடி ஊதுமானால் கைநஷ்டம்தான். பல கிளவுட் சேவைகளில் ஒதுக்கிய டிஸ்க்குக்குத்தான் கட்டணம். அதைச் சிறிதாக்காதவரை ஒரு ரூபாயும் குறையாது.

வாக்யூம் ஃபுல் டேபிளைப் புதிதாக எழுதுவதால், மேலே சொன்ன டேபிளுக்கு 120 ஜிபி இடம் கூடுதலாக வேண்டும், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸுக்குத் தனி. முடியும்வரை டேபிளுக்கு முழு லாக் (பூட்டு). புது பில் போடுவது இருக்கட்டும், பழைய பில்லைப் பார்க்கக்கூட முடியாது. டிஸ்க் நிறைந்த பிறகு ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும். முடிந்ததும், டேபிளைப் பற்றிய புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் ‘அனலைஸ்’ ஓட்டுவதை மறக்கக் கூடாது.

ஊதுவதற்கான காரணத்தைத் தேடுவதுதான் முக்கியம். டேட்டாபேஸில் யாரோ தொடங்கி முடிக்காமல் விட்ட வேலை, அதாவது திறந்துவிட்டு மூடாத டிரான்சாக்‌ஷன் ஒன்று இருந்தால், அதற்குப் பிறகு செத்த ரோக்களை எந்த வாக்யூமாலும் அகற்ற முடியாது. அதை மூடுவதற்குச் செலவே இல்லை. அடுத்தது, தானாகவே ஓடும் ஆட்டோவாக்யூம் வழக்கமாக 20 சதவீதமும் 50 ரோக்களும் செத்த பிறகுதான் கிளம்பும். ஒரு கோடி ரோ என்றால் 20 லட்சம் சாகும்வரை காத்திருக்கும். அந்த டேபிளுக்கு மட்டும் இந்த 20 சதவீதத்தை 0.02, அதாவது 2 சதவீதம் என்று வைத்தால் 2 லட்சத்திலேயே வேலை தொடங்கும். ஆண்டுதோறும் அழித்தே ஆக வேண்டிய பில் டேபிளை மாதவாரியாகத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து (பார்ட்டிஷன்) வைத்துவிடுங்கள். பழைய மாதப் பகுதியை அப்படியே நீக்கி ‘டிராப்’ செய்த உடனே இடம் டிஸ்க்குக்குத் திரும்பிவிடும்.

— டேட்டாபேஸ் நிர்வாகி, அம்பத்தூர், சென்னை