சாமி எதற்குக் கண்ணைக் குத்த வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

18 வயதுவரை பிள்ளைகளுக்கு எந்த மதத்தையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, வளர்ந்த பிறகு அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் நோக்கம் நல்லதுதான். ஆனால் அவர் தில்லியில் பிள்ளை வளர்த்தவராகத் தெரியவில்லை.

இங்கே நாம் சொல்லிக்கொடுக்காவிட்டால் ஊர் சொல்லிக்கொடுத்துவிடும். நவராத்திரி அஷ்டமியன்று காலையில் எங்கள் மயூர் விஹார் குடியிருப்பில் சின்னப் பெண் குழந்தைகளை வீடு வீடாகத் தேடிப் பிடிப்பார்கள். கஞ்சக் என்று பெயர். காலைக் கழுவிவிட்டு, பூரியும் அல்வாவும் கறுப்புக் கொண்டைக்கடலையும் வைத்து, கையில் பணமும் கொடுத்து அனுப்புவார்கள். தமிழ்க் குழந்தைகளும் போவார்கள். அதே குழந்தைகள் சாயங்காலம் நம் வீட்டுக் கொலுவில் சுண்டல் வாங்கித் தின்பார்கள். தசராவுக்கு ராவணன் எரிவதைப் பார்க்கிறார்கள், சீக்கிய குருமார் நினைவாக வரும் குருபுரப் அன்று குருத்வாராவில் எல்லாருக்கும் போடும் லங்கர் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள், தீபாவளி முடிந்த கையோடு பீகார்க்காரர்கள் சூரியனைக் கும்பிடும் சத் பூஜைக்குத் தலையில் கூடையோடு போகிறவர்களைப் பார்க்கிறார்கள். “அவங்க வீட்டுல எல்லாரும் விரதம், நம்ம வீட்டுல மட்டும் ஏன் சுண்டல்?” என்று ஐந்து வயதில் கேட்கிற குழந்தையிடம், உனக்கு 18 ஆகட்டும் சொல்கிறேன் என்று எந்த அம்மா சொல்வாள்?

தமிழ்நாட்டில் பாதி வேலையைத் தெருவே பார்த்துக்கொள்ளும். மார்கழி ஒலிபெருக்கி, தேர், ஆடிக் கூழ் என்று பிள்ளைகள் கேட்காமலே வந்து சேரும். இங்கே அப்பா அம்மா மெனக்கெட வேண்டியிருக்கிறது. தில்லிக் குளிரில் விடியற்காலை எழுப்பித் திருப்பாவை சொல்ல வைப்பது லேசான காரியமா? அவ்வளவு மெனக்கெடுவதாலேயே கொஞ்சம் கூடுதலாகத் திணித்துவிடுகிறோம். அந்த மட்டில் கட்டுரையாளரோடு எனக்குச் சண்டை இல்லை.

என் வருத்தம் வேறு. சாமியையும் நல்ல நடத்தையையும் ஒரே முடிச்சாகப் போட்டுக் கொடுக்கிறோமே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆர்.கே.புரத்தில் 1973-இல் குடமுழுக்கு நடந்த முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போகாத தில்லித் தமிழர் குறைவு. ‘யாமிருக்க பயமேன்’ என்று அங்கே தமிழில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் படியேறும்போதே “பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்” என்று பிள்ளையை மிரட்டுகிற குரலும் கேட்கும். முருகன் என்ன நினைத்துக்கொள்வாரோ!

குழந்தை ஒருநாள் பொய் சொல்லிப் பார்க்கும். கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. இந்தப் பரிசோதனையைச் செய்து பார்க்காத பிள்ளை இருக்க முடியாது. சாமிக்குப் பயந்துதான் பொய் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவனுக்கு, அந்தப் பயம் விட்டுப்போனால் பொய் சொல்ல என்ன தடை? காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் சாமி கும்பிடுவதை விட்டுவிடுகிற பிள்ளைகள் உண்டு. அது அவர்கள் இஷ்டம். சாமியோடு சேர்ந்து நாணயமும் போய்விட்டால் அந்தக் குற்றம் முடிச்சுப் போட்ட நம்முடையது. நீ பென்சிலை எடுத்துக்கொண்டால் அந்தப் பிள்ளை பரீட்சையில் எதை வைத்து எழுதும் என்று கேட்டாலே போதும், குழந்தைக்குப் புரியும். அதற்குச் சாமியைக் கூப்பிட வேண்டியதில்லை. அவரைப் பாட்டுக்கும் பொங்கலுக்கும் ஆறுதலுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேடிக்கை. மலை மந்திரில் இருப்பவர் சுவாமிநாதன், அப்பனுக்கே பாடம் சொன்ன தகப்பன்சாமி. அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்கிறோம். திரும்பி வருகிற வழியில் மெட்ரோவில் அதே பிள்ளை ஏதாவது ஏடாகூடமாகக் கேட்டால் அதிகப்பிரசங்கி என்று வாயை அடைக்கிறோம். கடவுள் இல்லை என்று வளர்க்கிற வீடுகளும் இதில் ஒழுங்கில்லை. அங்கே கேள்வி கேட்டால் “அதெல்லாம் மூடநம்பிக்கை, போய்ப் படி” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பெற்றோர் தந்த நம்பிக்கை பிள்ளையின் சொந்த நம்பிக்கை ஆகாது என்றும் கட்டுரை சொல்கிறது. 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிஜோ இம்மானுவேல் வழக்கை அவர் பார்க்க வேண்டும். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், தங்கள் மத நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று தேசிய கீதம் பாடாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்த நம்பிக்கை வீட்டிலிருந்து வந்ததுதான். அதற்காக அது அவர்களுடையது இல்லை என்று நீதிமன்றம் தள்ளிவிடவில்லை, அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எனக்கு அதில் பிடித்த விஷயம், அவர்கள் பாடவில்லையே தவிர, மற்றவர்கள் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் மைனர் பிள்ளைக்கு மதபோதனை தர, அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு கேட்பது பாதுகாவலரின் சம்மதத்தைத்தான். இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவோ, மனச்சாட்சியும் மதமும் பிள்ளையின் உரிமை என்று வைத்து, அதன் வளர்ச்சிக்கு ஏற்றபடி வழிகாட்டுவதைப் பெற்றோரிடம் விடுகிறது. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இரண்டாவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். ஆறு வயதில் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறோம். பதினாறு வயதில் வரவில்லை என்றால் சரி, வீட்டில் இரு என்று விட்டுவிட வேண்டியதுதான். சண்டை போட்டு இழுத்துப்போய் நிறுத்தினால் அவன் சன்னதியில் நின்று மொபைலைத்தான் பார்ப்பான்.

கட்டுரை தொடாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. வேலை செய்ய வருகிற அம்மாவுக்குத் தனி டம்ளர். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் பழம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு. இதையெல்லாம் எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித்தருவதில்லை. பிள்ளை பார்த்தே கற்றுக்கொள்கிறது, ஸ்லோகத்தை விட நன்றாக மனப்பாடம் ஆகிறது. 18 வயதுவரை மதமே பேசாத வீட்டிலும் அந்த டம்ளர் அடுப்படியில் தனியாக இருக்கலாம். அடுத்து இந்தப் பொருளில் எழுதுபவர் அதையும் சேர்த்து எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விஹார், தில்லி