துணுக்கோடு நின்றுவிட வேண்டாம்

ஆசிரியருக்கு,
ஞாயிறு இதழில் இலங்கையின் காலி நகர மும்மொழிக் கல்வெட்டு பற்றிய துணுக்கைப் படித்தேன். 1409ஆம் ஆண்டு தேதியிட்ட அந்தச் சீனக் கல்லில் தமிழும் பாரசீகமும் இருப்பது வியப்புதான். ஆனால், அதைவிடப் பெரிய செய்தி உள்ளே இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே காணிக்கையாக்கிய பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எல்லாம் சீன மொழிப் பகுதியில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்னும் திருமாலுக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு! இந்தக் கல் 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடியாகக் கிடைத்ததையும் சொல்லியிருக்கலாம்.

ஒன்பதாம் வகுப்பில் இதன் படத்தைக் காட்டியபோது, "சீனர் ஏன் சார் தமிழில் எழுதினார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அப்புறம் பாடவேளை முழுவதும் கடல் வணிகம்தான். இத்தகைய துணுக்குகளுடன் மூலப் படத்தையும், அதை எங்கே பார்க்கலாம் என்பதையும் (இந்தக் கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது) சேர்த்து வெளியிடுங்கள்.

- வரலாற்று ஆசிரியர், நாகப்பட்டினம்